மஞ்சள் வண்டியும் ஒரு அவசரக்குடுக்கையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. சோம்பேறித்தனம் ஒரு காரணம். இந்தக் கதையில நான் ஹீரோ இல்லைங்கிறது இன்னொரு காரணம். கிட்டத்தட்ட வில்லன் :-)

முதல்ல சுருக்கமா சுயபுராணம். படிச்சது மெக்கானிக்கல். பண்றது சிறுசேரியில பொட்டி தட்டற வேலை. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சேனே தவிர, ஒரு என்ஜினைக் கையால தொட்டதில்லை. ஐ.சி. என்ஜின்ஸ் பேப்பர்ல அரியர் வேற. ஆனா எங்க குடும்பத்துல "இவன் என்ஜினியரிங் படிச்சவன், கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவன்"னு ஒரு பேரு. அதனால மிக்ஸி ஓடலைன்னாலும் எனக்குத்தான் போன் வரும்.

சித்தப்பா மேற்கு தாம்பரத்துல இருக்கார். அந்தக் காலத்துல லாரி ஓட்டினவர். 2022ல சேர்த்து வச்ச காசு, சித்தியோட நகை எல்லாத்தையும் போட்டு, மிச்சத்துக்கு லோன் வாங்கி ஒரு பேக்ஹோ லோடர் எடுத்தார். பேக்ஹோன்னு சொன்னா யாருக்கும் புரியாது. முன்னாடி அகலமா ஒரு வாய், பின்னாடி நீளமா ஒரு கை, மஞ்சள் கலர். ஊரே "ஜேசிபி"ன்னு சொல்லுதே, அந்த ரக வண்டி. (ஜேசிபிங்கறது ஒரு கம்பெனியோட பேரு. எங்க வண்டி அவங்களோடது இல்லை, எவங்களோடதுன்னு சொல்லவும் மாட்டேன். பேப்பர்ல "பொக்லைன்"னு எழுதறாங்களே, அதுவும் ஒரு பிரெஞ்சு கம்பெனியோட பேருதான். மணிக்கு இவ்வளவுன்னு வாடகை பேசறப்ப யாரு இதெல்லாம் பாக்கறா!)

இப்ப கதைக்கு வரேன்.

2023 அக்டோபர். வடகிழக்குப் பருவமழை வாசல்ல நிக்கிற நேரம். முடிச்சூர், வரதராஜபுரம்னு சொன்னாலே தாம்பரம்காரங்களுக்கு 2015 டிசம்பர் ஞாபகம் வரும். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் ரொம்பி வர்ற தண்ணி எல்லாம் அடையாறாகி அந்த வழியாத்தான் போகுது. அந்த வருஷம் தெருவுல போட் விட்டு ஆளுங்களை ஏத்தினாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னாடி கால்வாய் தூர் வாரறது அங்க ஒரு திருவிழா மாதிரி. சித்தப்பாவுக்கு அதுல ஒரு துண்டு வேலை கிடைச்சிருந்தது. மழை வர்றதுக்குள்ள முடிக்கணும். முடிச்சாத்தான் காசு. காசு வந்தாத்தான் டியூ கட்ட முடியும்.

அப்பப் பார்த்து வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சுது.

என்ன பிரச்னைன்னா, நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். திடீர்னு "பீப் பீப்"னு ஒரு சத்தம், டேஷ்போர்டுல மஞ்ச லைட், அவ்வளவுதான். பிக்கப் சுத்தமா போயிடும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் வண்டி முனகும், நகராது. சில சமயம் ரெண்டு மூணு நொடியில தானா சரியாயிடும். சில சமயம் சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ற வரைக்கும் சரியாகாது. நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை.

வண்டி ஓட்டினது கள்ளக்குறிச்சி பக்கத்து அண்ணன் ஒருத்தர். பதினஞ்சு வருஷமா ஆபரேட்டர். அவர் புத்திசாலித்தனமா ஒரு காரியம் பண்ணினார். லைட் வந்தப்ப திரையை செல்போன்ல போட்டோ எடுத்து சித்தப்பாவுக்கு அனுப்பிட்டார். அதுல "எஸ்.பி.என் 100, எஃப்.எம்.ஐ 4"ன்னு இருந்தது.

இந்த இடத்துல கொஞ்சம் டெக்னிகல். போரடிச்சா அடுத்த நட்சத்திரக் குறி வரைக்கும் தாண்டிக்கலாம், கோச்சுக்க மாட்டேன்.

அந்தக் காலத்து டீசல் என்ஜின்ல கம்ப்யூட்டர் கிடையாது. கட்டுமான வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் 1லேருந்து பி.எஸ். ஸ்டேஜ் 4 மாசு விதி வந்தது. 2025 ஜனவரி 1லேருந்து ஸ்டேஜ் 5. புகையைக் குறைக்கணும்னா எவ்வளவு காத்து உள்ள வருது, எவ்வளவு டீசல் அடிக்கணும்னு நொடிக்கு நொடி கணக்குப் போடணும். அதுக்கு ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண்ணு காது எல்லாம் சென்சார்தான்.

அழுத்தம் பாக்கற சென்சாருக்குப் பெரும்பாலும் மூணு ஒயர். ஒண்ணுல கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்பும். ஒண்ணு எர்த். மூணாவது ஒயர்ல சென்சார் பதில் சொல்லும். பதில் சாதாரணமா 0.5 வோல்ட்லேருந்து 4.5 வோல்ட்டுக்குள்ள இருக்கும். ஏன் 0லேருந்து 5 வரைக்கும் இல்லைன்னு கேட்டா, அதுலதான் சூட்சுமம். ஆயில் அழுத்தம் நிஜமாவே பூஜ்யமா இருந்தாலும் சென்சார் 0.5 வோல்ட் சொல்லும். சுத்தமா 0 வோல்ட் வந்தா "அழுத்தம் இல்லை"ன்னு அர்த்தமில்லை, "சென்சார்கிட்டேருந்து சேதி இல்லை"ன்னு அர்த்தம். உயிரில்லாததுக்கும் பேச்சில்லாததுக்கும் வித்தியாசம் தெரியணுமேன்னு எவனோ ஒரு புண்ணியவான் யோசிச்சு வச்சிருக்கான்.

இந்தக் குறைகளைச் சொல்ல ஜே1939னு ஒரு பொது மொழி இருக்கு. லாரி, பேக்ஹோ, ஜெனரேட்டர்னு எல்லாத்துலயும் கிட்டத்தட்ட இதே மொழிதான். கீழே ஓடறது பாஷ் கம்பெனி 1986ல அறிமுகப்படுத்தின கேன் பஸ். அந்த மொழியில எஸ்.பி.என்னா எந்த உறுப்பு, எஃப்.எம்.ஐன்னா என்ன கோளாறு. 100 ஆயில் அழுத்தம். 102 டர்போ அனுப்பற காத்தோட அழுத்தம். எஃப்.எம்.ஐ 3ன்னா வோல்டேஜ் அதிகம், 4ன்னா வோல்டேஜ் கம்மி, 5ன்னா பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கு. ஆக "100, 4"ன்னா, "ஆயில் அழுத்த சென்சார்கிட்டேருந்து வர்ற வோல்டேஜ் ரொம்பக் கம்மி"ன்னு அர்த்தம். "சென்சார் போச்சு"ன்னு அர்த்தம் இல்லை. இந்த வித்தியாசத்தைத்தான் எல்லாரும் கோட்டை விட்டோம்.

* * *

சர்வீஸ் ஆள் வந்தார், போட்டோவைப் பார்த்தார், ஆயில் பிரஷர் சென்சாரை மாத்தினார், பழைய கோடை எல்லாம் அழிச்சார், பில் கொடுத்தார், போயிட்டார். மூணாம் நாள் மறுபடியும் மஞ்ச லைட். இந்தத் தடவை போட்டோவுல 102, 4. மறுபடி வந்து அந்த சென்சாரையும் மாத்தினார். நாலாம் நாள் மறுபடியும். ரெண்டு சென்சார், ரெண்டு தடவை ஆள் வந்த சார்ஜ், நின்னு போன மணி நேரம்னு எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தைத் தாண்டிடுச்சு.

நடுவுல லோக்கல் மெக்கானிக் ஒருத்தர் ஒரு ஐடியா கொடுத்தார். "சென்சாரைக் கழட்டிட்டு ரெண்டு ரெசிஸ்டர் போட்டுடலாம்ணே. கம்ப்யூட்டர் ஏமாந்துடும், லைட்டே வராது." கேக்க ஜோராத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு நிஜமாவே ஆயில் இறங்கிப் போனாலும் லைட் வராதே! கிராங்க் பேரிங் உருகி, என்ஜின் கட்டி அடிச்சு நிக்கும்போதுதான் தெரியும். அப்ப ஆகற செலவு லட்சக்கணக்கு. சித்தப்பா லாரி ஓட்டின ஆளு. "ஆயில் கேஜ் மேல கை வைக்காதே"ன்னு சொல்லிட்டார். அந்த மட்டும் தப்பிச்சோம்.

ஆனா அவருக்கு வேற ஒரு சந்தேகம் வந்துடுச்சு.

ஆபரேட்டர் அண்ணன் ரெண்டு நாள் ஊருக்குப் போயிருந்தப்ப மாத்து ஆள் ஒருத்தர் கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு மனைப்பிரிவுல வண்டி ஓட்டினார். ரெண்டு நாளும் ஒரு தடவை கூட லைட் வரலை. அண்ணன் திரும்பி வந்தார், லைட்டும் திரும்பி வந்தது. போதாக்குறைக்கு சர்வீஸ் ஆள் போற போக்குல, "கனெக்டரை யாரோ கழட்டி மாட்டின மாதிரி இருக்கே"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டுப் போயிட்டார். ஆயுத பூஜைக்கு முன்பணம் கேட்டு அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் ஏற்கெனவே ஒரு சின்ன வாய்த்தகராறு. எல்லாம் சேர்ந்து சித்தப்பா மனசுல ஒரு முடிச்சு விழுந்துடுச்சு.

வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணினார்.

"தம்பி, நீ லேப்டாப்ல ஏதோ மாட்டி வண்டியில பாக்கலாம்னு சொன்னியே. நாளைக்கு வந்து பாரு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. நெஜமாவே கோளாறுன்னா செலவு பண்றேன். இல்ல இவன் வேலைதான்னா, பூஜைக்கு முன்னாடியே கணக்க முடிச்சு அனுப்பிடறேன்."

எனக்கு ஒரே குஷி. ரிச்சி தெருவுல வாங்கின ஒரு யூஎஸ்பி கேன் அடாப்டர் ஏற்கெனவே கையில இருந்தது (பொழுதுபோகாம வாங்கினது). வண்டியோட ஒன்பது பின் சாக்கெட்டுக்கு ஒரு ஒயர் சாலிடர் பண்ணினேன். பின்னு சி ஒரு லைன், பின்னு டி இன்னொண்ணு. லேப்டாப்ல லினக்ஸ். ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட். இந்த மொழியில என்ஜின் கம்ப்யூட்டர் நொடிக்கு ஒரு தடவை "இப்ப எனக்கு இருக்கிற கோளாறு இது இது"ன்னு ஒரு சேதி விடும். அந்தச் சேதிக்கு நம்பர் 65226. கோளாறு இல்லைன்னா வெறும் பூஜ்யமா விடும். என் ஸ்கிரிப்ட் அந்த 65226ஐ மட்டும் பிடிச்சு, கோடு வந்தா சிவப்பா காட்டும். பெருமையா தூங்கினேன்.

சனிக்கிழமை காலையில இரும்புலியூர் டிராஃபிக்கைத் தாண்டி முடிச்சூர் போய்ச் சேர்றதுக்குள்ள ஒம்பதரை. லேப்டாப்பைக் கேபின்ல சீட்டுக்குப் பின்னாடி கட்டி வச்சுட்டு நான் கரை மேல வேப்பமர நிழல்ல நின்னேன். அண்ணன் வேலையை ஆரம்பிச்சார். பின்பக்கக் கையால சேறைத் தோண்டி மேல போடுவார். அப்புறம் திரும்பி முன் வாயில அள்ளி, ரிவர்ஸ்ல மேட்டுல ஏறி, லாரியில கொட்டுவார். பாக்கவே அழகா இருக்கும். அவ்வளவு பெரிய இரும்பு அவர் கையில கரண்டி மாதிரி ஆடும்.

ஒரு தடவை மேடு ஏறும்போது கேபின்லேருந்து கையை நீட்டி ஆட்டினார். மணி பார்த்தேன், 11:42. வண்டியை நிறுத்திட்டுக் கத்தினார்.

"வந்துச்சு தம்பி! இப்ப லைட் வந்துட்டுப் போச்சு. பாத்தீங்களா?"

ஓடிப் போய் லேப்டாப்பைப் பார்த்தேன். ஒரு சிவப்பு வரி கூட இல்லை. எல்லாம் பச்சை. எல்லாம் பூஜ்யம்.

"இதுல ஒண்ணும் வரலையேண்ணே."

"இல்ல தம்பி, நல்லாப் பாத்தேன். பீப் அடிச்சுது. ரிவர்ஸ்ல லோடோட ஏறும்போது மட்டுந்தான் வரும், நான் மொதல்லேருந்தே சொல்லிட்டிருக்கேன்."

மத்தியானம் ஒரு மணி வரைக்கும் பார்த்தோம். மறுபடி வரலை. சித்தப்பா டீக்கடையிலேருந்து வந்து, என்னைத் தனியா கூப்பிட்டு, "என்னப்பா சொல்லுது?"ன்னு கேட்டார்.

நான் சொன்ன பதில் இன்னிக்கும் என் காதுல கேக்குது.

"கம்ப்யூட்டர்ல எந்தக் கோளாறும் பதிவாகலை சித்தப்பா. அவர்தான் வந்துச்சுன்னு சொல்றார்."

எவ்வளவு சுலபமா சொல்லிட்டேன் பாருங்க. ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. ஆனா "அவர்தான்"ங்கற அந்த ஒரு வார்த்தைக்குள்ள ஒரு மனுஷனோட சோத்துல மண்ணு இருந்தது. சித்தப்பா தலையை ஆட்டினார். "சரி, நாளைக்கு டிபன் சாப்பிட்டுட்டுக் கணக்கு முடிச்சுடறேன்"னார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. மனசாட்சின்னு எல்லாம் பெருசா சொல்லிக்க மாட்டேன். எனக்கு உறுத்தினது வேற. எங்க ஆபீஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு கஸ்டமர் போன் பண்ணி "சைட் வேலை செய்யலை"ன்னா, நாங்க "எங்க லாக்ல ஒண்ணும் இல்லையே, உங்க பக்கம் பாருங்க"ன்னு சொல்லுவோம். அப்படிச் சொன்னதுல பாதி தடவை மறுநாள் காலையில அசடு வழிஞ்சிருக்கோம். லாக் சரியா எழுதறோமான்னே பாத்திருக்க மாட்டோம். அந்த ஞாபகம் வந்தது.

நல்லவேளை, ஸ்கிரிப்ட் திரையில 65226ஐ மட்டும் காட்டினாலும், பின்னாடி பஸ்ல ஓடின எல்லா சேதியையும் ஒரு ஃபைல்ல சேர்த்துட்டு இருந்தேன். அதைத் திறந்தேன். 65226 எத்தனை நொடிக்கு ஒரு தடவை வந்திருக்குன்னு மட்டும் பார்த்தேன். ஒரு நொடி, ஒரு நொடி, ஒரு நொடி... காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் கடிகாரம் மாதிரி.

11:42ல மட்டும் நாலு நொடிக்கு ஒண்ணும் இல்லை.

பூஜ்யம் கூட இல்லை. சேதியே இல்லை. எனக்கு வயித்துல ஏதோ பண்ணுச்சு.

இந்த மொழியோட விதிப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படிச்சேன். ஒரு கேன் சேதியில எட்டு பைட்தான் வைக்க முடியும். லைட் நிலவரத்துக்கு ரெண்டு பைட், ஒரு கோளாறுக்கு நாலு பைட். ஆக ஒரு கோளாறு இருந்தா ஒரே சேதியில அடங்கிடும். ரெண்டோ அதுக்கு மேலயோ ஒரே நேரத்துல வந்தா அடங்காது. அப்ப என்ஜின் கம்ப்யூட்டர் அதைத் துண்டு துண்டா நறுக்கி, "பெரிய சேதி வருது, எல்லாரும் கேளுங்க"ன்னு முதல்ல ஒரு அறிவிப்பு விட்டு, வேற நம்பர்ல அனுப்பும். 65226ங்கற நம்பர் அப்ப நேரடியா வராது. அறிவிப்புக்குள்ள இருக்கும்.

என் ஸ்கிரிப்ட் அந்த வேற நம்பரைக் கேக்கவே இல்லை.

அதாவது ஒரு கோளாறு வந்தா எனக்குக் கேக்கும். மூணு கோளாறு சேர்ந்து கத்தினா நான் செவிடு. காலேஜ் முதல் வருஷப் பையன் பண்ற தப்பு. ஒரு ராத்திரியில எழுதின நாப்பது வரி ஸ்கிரிப்டை, பதினஞ்சு வருஷம் வண்டி ஓட்டின மனுஷனுக்கு எதிரா சாட்சி சொல்ல வச்சிருக்கேன்.

ஃபைல்லேருந்து துண்டுகளை எடுத்து ஒட்டினேன். மொத்தம் 14 பைட். ரெண்டு துண்டு. மூணு கோளாறு. 100, 4. 102, 4. மூணாவதா ஒண்ணு, இதுவரைக்கும் எந்த போட்டோவுலயும் வராதது: 3509, 4. தேடிப் பார்த்தா, 3509ன்னா சென்சார் எதுவும் இல்லை. சென்சார்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் அனுப்பற அந்த 5 வோல்ட் லைன்! டேஷ்போர்டு திரையில ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் தெரியும். வந்துட்டுப் போற ரெண்டு நொடியில அண்ணன் போட்டோவுல எது மாட்டுச்சோ அதை நாங்க மாத்திக்கிட்டு இருந்திருக்கோம்.

நம்ம வேலையில தினமும் பாக்கறதுதானே இது. டேட்டாபேஸ் படுத்துக்கும். அதை நம்பி இருக்கிற பத்து சர்வீஸும் எரர் விடும். புதுசா சேர்ந்தவன் முதல் எரரைப் பிடிச்சுக்கிட்டு அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுவான். ரெண்டு சென்சாரும் நல்லாத்தான் இருந்திருக்கு. சோறு போடற லைன்தான் அறுந்து அறுந்து ஒட்டியிருக்கு. காத்து எவ்வளவு வருதுன்னு தெரியாததால, புகை தள்ளக் கூடாதேன்னு கம்ப்யூட்டர் டீசலைக் குறைச்சிருக்கு. அதான் பிக்கப் இல்லை.

ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிக்கு சித்தப்பாவுக்கு போன். "சித்தப்பா, கணக்கு முடிக்காதீங்க. என் பக்கம்தான் தப்பு. ஒரு மணி நேரம் கொடுங்க." அவருக்கு ஒண்ணும் புரியலை. "வா, வா"ன்னார்.

அண்ணன் பை எல்லாம் கட்டி வச்சிருந்தார். யாரும் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலை. ஆனா தெரிஞ்சிருக்கு. இந்த மாதிரி விஷயமெல்லாம் எப்பவுமே தெரிஞ்சிடும்.

மல்டிமீட்டரை எடுத்து ஆயில் சென்சாரோட 5 வோல்ட் ஒயர்ல ஒரு குண்டூசியைச் செருகி வச்சுப் பார்த்தேன். சரியா 5. என்ஜினை ஸ்டார்ட் பண்ணினோம். 5. ஃபார்வர்டு கியர் போட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ரெய்ஸ் பண்ணினார். 5. "அண்ணே, இப்ப ரிவர்ஸ் போடுங்க"ன்னேன். போட்டார். ரெய்ஸ் பண்ணினார். என்ஜின் ஒரு பக்கமா லேசா சாஞ்சது.

மீட்டர்ல 0.02.

"வந்துச்சு தம்பி!"ன்னு மேலேருந்து குரல். "பாத்தீங்களா?"

"பாத்தேண்ணே"ன்னேன்.

என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டா ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்திருக்கு. முன்னாடி இழுக்கும்போது ஒரு பக்கம் சாயும், ரிவர்ஸ்ல மறுபக்கம் சாயும். லோடு ஏற ஏற சாய்வு அதிகம். என்ஜினுக்குப் பின்னாடி ஒரு இரும்பு பிராக்கெட். ஒயரிங்கைப் பிடிச்சு வைக்கிற பிளாஸ்டிக் கிளிப் ஒண்ணு உடைஞ்சு, மொத்தக் கட்டும் அந்த பிராக்கெட் ஓரத்துல தொங்கிக்கிட்டு இருந்தது. ஒவ்வொரு தடவை ரிவர்ஸ்ல ஏறும்போதும் உரசி உரசி மேல்தோல் போய், ஒரே ஒரு ஒயர்ல எள்ளு அளவுக்குச் செம்பு தெரிஞ்சுது. பிராக்கெட்ல அந்த இடம் மட்டும் பெயின்ட் போய் பளபளன்னு மின்னிச்சு. மாத்து ஆள் ஓட்டினது சமதளம். அங்க மேடும் இல்லை, ரிவர்ஸ்ல லோடும் இல்லை. அதான் வரலை.

அண்ணன் முதல் நாள்லேருந்து சொன்னது ஒரே வாக்கியம்: "ரிவர்ஸ்ல லோடோட ஏறும்போது மட்டுந்தான் வருது." அந்த ஒரு வாக்கியத்துல எல்லாமே இருந்தது. எப்ப வரும், எந்தப் பக்கம் சாயும்போது வரும், சென்சார் கோளாறு இல்லை, உரசல்னு எல்லாம். எங்க ஆபீஸ்ல ஒரு பக் ரிப்போர்ட் இவ்வளவு தெளிவா வந்தா அந்த டெஸ்டருக்கு அவார்டு கொடுப்போம். இவருக்குக் கணக்கு முடிக்கப் பார்த்தோம்.

ஒயர் மேல டேப் சுத்தி, ஸ்லீவ் மாட்டி, புது கிளிப் போட்டு, பிராக்கெட்டை விட்டு ரெண்டு விரக்கடை தள்ளிக் கட்டினோம். செலவு நூறு ரூபாய்க்குள்ள.

டீ குடிக்கும்போது அண்ணன்கிட்ட நடந்ததைச் சொன்னேன். என் ஸ்கிரிப்ட்ல தப்பு, நேத்து லைட் வந்தது நிஜம், மன்னிச்சுடுங்கன்னேன். அவர் கோவப்படலை. கிளாஸை உருட்டிக்கிட்டே சொன்னார்:

"நீங்க நேத்து ஒண்ணும் வரலைன்னு சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தம்பி. ராத்திரி பூரா யோசிச்சேன். நெஜமா லைட் வந்துச்சா, இல்ல நமக்குத்தான் கண்ணு சரியில்லையான்னு."

இதைக் கேட்டதும் எனக்கு டீ இறங்கலை. அவர் என்னைத் திட்டியிருந்தா கூடப் பரவாயில்லை.

கொஞ்ச நாள் கழிச்சு, 2024 ஜனவரியில, இங்கிலாந்து தபால் துறை விவகாரம் மறுபடி பெரிய செய்தியாச்சு. படிச்சிருப்பீங்க. ஹொரைசன்னு ஒரு கணக்கு சாஃப்ட்வேர். அதுல காசு குறையுதுன்னு காட்டுச்சு. சின்னச் சின்ன போஸ்ட் ஆபீஸ் நடத்தினவங்க "நாங்க எடுக்கலை"ன்னு கதறினாங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு கோர்ட்டும் நம்பிச்சு. 1999லேருந்து 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல தண்டனை. சீமா மிஸ்ரான்னு ஒரு இந்திய வம்சாவளிப் பெண், வயித்துல பிள்ளையோட 2010ல ஜெயிலுக்குப் போனாங்க. தப்பு சாஃப்ட்வேர்லதான்னு ஆகி, 2024 மே மாசம் தனிச்சட்டமே போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து பண்ணினாங்க. அதைப் படிக்கும்போது எனக்கு முடிச்சூர் கரையும் வேப்பமரமும்தான் ஞாபகம் வந்தது. அளவுதான் வேற. நான் பண்ணினதும் அதேதான்.

திங்கக்கிழமை ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, வாழைக்கன்னு கட்டி, கண்ணாடியில சந்தனம் குங்குமம் வச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம். சித்தப்பா மன்னிப்பெல்லாம் கேக்கற ஆள் இல்லை. ஆனா எப்பவும் தன் கையால உடைக்கிற பூசணிக்காயை அன்னிக்கு அண்ணன் கையில கொடுத்து, "நீயே சுத்திப் போடுப்பா"ன்னார். வேட்டி சட்டையோட ஒரு கவரும் கொடுத்தார். எவ்வளவுன்னு நான் கேக்கலை. அண்ணன் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டார்.

கால்வாய் வேலை மழைக்கு முன்னாடி முடிஞ்சுது. டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து முடிச்சூர், வரதராஜபுரத்துல மறுபடி தண்ணி நின்னது உங்களுக்குத் தெரியும். நாங்க ஒருத்தர் தூர் வாரினதால ஊர் தப்பிச்சுதுன்னு எல்லாம் பீலா விட மாட்டேன். ஆனா அந்த ரெண்டு ராத்திரியும் அடைப்பெடுக்க அண்ணன் அந்த வண்டியைத்தான் ஓட்டினார். மஞ்ச லைட் ஒரு தடவை கூட வரலை.

இப்பவும் வண்டியில ஏதாவது சத்தம் வந்தா சித்தப்பா எனக்கு போன் பண்ணுவார். நான் கேக்கற முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "அண்ணன் என்ன சொல்றார்?"

டிஸ்கி 1: நீங்களும் இதே மாதிரி கேன் பஸ்ல கையை வைக்கப் போறீங்கன்னா, முதல்ல வண்டியை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு லைனுக்கும் நடுவுல ஓம் பாருங்க. கிட்டத்தட்ட 60 வரணும் (ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு 120 ஓம் இருக்கும்). 120 வந்தா ஒரு முனை போச்சு. அப்புறம், அடாப்டரைக் கேக்க மட்டும் செய்யற மோடுல வைங்க. ஓடற வண்டியில நாம எதுவும் பேசக் கூடாது.

டிஸ்கி 2: ஒரே நேரத்துல ரெண்டு மூணு சென்சார் செத்துப் போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எல்லாத்துக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாருங்க. 5 வோல்ட் லைன், எர்த், ஒயரிங் உரசல். சென்சார் கடைசி.

டிஸ்கி 3: ஸ்கிரிப்டைச் சரி பண்ணிட்டேன். இப்ப சேதி வராம போனாலும் சிவப்பு காட்டும். இதைத்தான் முதல்லயே எழுதியிருக்கணும் :-(